ஓவியம் தானாகக் கற்பவர்களுக்கு: எந்தப் புத்தகம், எந்த வரிசையில், எவ்வளவு செலவில்

ஓவியம் கற்க நல்ல புத்தகம் எது என்று யாரைக் கேட்டாலும் இருபது பெயர் கொண்ட பட்டியல் ஒன்று கிடைக்கும். இருபதும் நல்ல புத்தகங்களாகவே இருக்கும். எதை முதலில் எடுப்பது, எதை ஒரு வருடம் தள்ளிப்போடுவது, எதற்குக் காசே செலவழிக்க வேண்டாம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே, ஆசிரியர் இல்லாமல், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வரைந்து பழகுகிற ஒருவருக்கு அந்தப் பட்டியலை விட வரிசைதான் முக்கியம். எனக்கு அந்த வரிசையைக் கண்டுபிடிக்க நெடுநாள் ஆனது. உங்களுக்கு ஆக வேண்டியதில்லை.

இது பள்ளிக்கூடத்தோடு ஓவியத்தை விட்டவர்களுக்கும், கடைசியில் டேப்லெட்டில் வரைய வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கும் எழுதியது. கீழே உள்ள விலைகள் எல்லாம் தோராயமானவை. இறக்குமதிப் புத்தகங்களின் விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். புத்தகத்தை இணையத்தில் தேடும்போது ஆசிரியர் பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் சரியாக வந்துவிடும்.

1. டேப்லெட்டை விடுங்கள், தாளில் தொடங்குங்கள்

இங்கே டேப்லெட் என்பது கணினியோடு இணைத்துத் தனிப் பேனாவால் வரையும் பலகை. திரை இல்லாத டேப்லெட்டில் கை மேசையில் ஓடும், கண் மானிட்டரில் இருக்கும். கோடு கோணலாகப் போனால் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லையா, கை பழகவில்லையா, கருவியின் அமைப்பு தவறா என்று கண்டுபிடிக்க முடியாது. தாளில் இந்தக் குழப்பம் கிடையாது.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான். எச்பி, 2பி, 4பி பென்சில்கள், பிசைந்து பயன்படுத்தும் ரப்பர் ஒன்று, 0.5 அளவில் கருப்பு ஃபைன்லைனர் (மெல்லிய முனைப் பேனா) இரண்டு, அப்புறம் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஏ4 தாள் ஒரு ரீம். 500 தாள் கொண்ட ரீம் 250 முதல் 350 ரூபாய்க்குள் கிடைக்கும். எல்லாம் சேர்த்து 700 ரூபாயைத் தாண்டாது.

அழகான அட்டை போட்ட ஸ்கெட்ச்புக் இப்போது வேண்டாம். அதில் கிறுக்க மனசு வராது. முதல் ஆறு மாதத்தில் நீங்கள் செய்ய வேண்டிய வேலையே கிறுக்குவதுதான்.

2. முதல் புத்தகம் ஒன்றே ஒன்று

பெட்டி எட்வர்ட்ஸின் 'டிராயிங் ஆன் த ரைட் சைட் ஆஃப் த பிரெய்ன்'. 1979இல் வந்தது, 2012இல் நான்காம் பதிப்பு. பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், முக்கியமான பயிற்சிகள் அதிலும் உண்டு. புதியது 1,000 முதல் 1,500 ரூபாய் வரை இருக்கும். கூடவே விற்கும் பயிற்சி நூல் தேவையில்லை.

இடது மூளை, வலது மூளை என்று இந்தப் புத்தகம் சொல்லும் விளக்கத்தை இன்றைய நரம்பியல் அப்படியே ஏற்பதில்லை. அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடலாம். பயிற்சிகள்தான் பொக்கிஷம், குறிப்பாக மூன்று.

முதலாவது, தலைகீழ்ப் படம். பிக்காசோ வரைந்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்து, மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் பார்த்து வரையச் சொல்கிறார். நடுவில் தாளைத் திருப்பக் கூடாது. தலைகீழாக இருக்கும்போது இது மூக்கு, இது விரல் என்று மனசு பெயர் வைக்காது. இந்தக் கோடு எங்கே வளைகிறது, பக்கத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மட்டும் பார்க்கும். முடித்துத் திருப்பிப் பார்த்தால், பின்னிக் கிடக்கும் அந்த விரல்கள் நீங்கள் நேராக வைத்து வரைந்திருந்தால் வந்திருப்பதை விடக் கட்டாயம் நன்றாக இருக்கும்.

இரண்டாவது, வெற்றிடம். நாற்காலியை வரையாமல் அதன் கால்களுக்கு நடுவிலும் கைப்பிடிக்குக் கீழேயும் தெரியும் இடைவெளிகளை வரைவது. நம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி இதற்கென்றே செய்தது போல இருக்கும். முதுகுப் பக்கத்தில் வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில். அந்த ஓட்டைகளைச் சரியாகப் போட்டுவிட்டால் நாற்காலி தானாக வந்து நிற்கும்.

மூன்றாவது, கண்ணாடித் தளம். கையை மடக்கி, அதன் மேல் ஒளி ஊடுருவும் தகடு ஒன்றை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மார்க்கரால் கோட்டின் மேலேயே வரைய வேண்டும். இதற்கென்று கிட் விற்கிறார்கள், வாங்காதீர்கள். ஸ்பைரல் பைண்டிங்குக்கு மேலட்டையாகப் போடுகிற கண்ணாடி ஷீட்டை ஜெராக்ஸ் கடையில் கேட்டால் பத்து ரூபாய்க்குத் தருவார்கள். பழைய போட்டோ ஃபிரேமின் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது, ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

விளக்கங்கள் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு 1985இல் வந்த பெர்ட் டாட்சனின் 'கீஸ் டு டிராயிங்' பொருந்தும். நிறையப் பயிற்சிகள், குறைந்த தத்துவம். வரைந்த படத்தை நீங்களே மதிப்பிட்டுப் பார்க்கக் கேள்விகளும் கொடுக்கிறார், ஆசிரியர் இல்லாதவருக்கு அது பெரிய உதவி. இரண்டில் ஒன்று போதும், இரண்டையும் வாங்காதீர்கள்.

நேரம்: தினம் முக்கால் மணி நேரம் என்றால் ஆறு முதல் எட்டு வாரம். படுத்துக்கொண்டு படித்து முடித்தது கணக்கில் சேராது. ஒவ்வொரு பயிற்சித் தாளிலும் தேதி எழுதி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

3. வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

புதியவர்கள் அதிகம் பணம் இழப்பது இங்கேதான். ஓவியப் புத்தகத்தில் படம் கெட்டால் புத்தகமே இல்லை. நாவலின் கள்ளப் பிரதியையாவது எப்படியோ படித்துவிடலாம்.

இணையக் கடையில் மூன்றாம் நபர் விற்பனையாளர் ஒருவரிடமிருந்து எனக்கு வந்த, ஆள் உருவம் வரையக் கற்றுத்தரும் ஆண்ட்ரூ லூமிஸின் புத்தகத்தில் பென்சில் நிழல்கள் எல்லாம் ஒரே சாம்பல் திட்டாக இருந்தன. சில பக்கங்களில் உருவத்தின் பாதம் விளிம்போடு வெட்டப்பட்டிருந்தது. இரண்டாவது முறை திறந்தபோது முதுகுப் பசை விட்டு, தாள்கள் கையோடு வந்தன. விலை மட்டும் அசலில் மூன்றில் ஒரு பங்கு.

வாங்கும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். அசல் கெட்டி அட்டையா, சாதா அட்டையா என்று பதிப்பகத்தின் தளத்தில் பார்த்து, கடைப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். லூமிஸின் டைட்டன் புக்ஸ் மறுபதிப்புகள் கெட்டி அட்டையில் வந்தவை; அதே தலைப்பு மெல்லிய அட்டையில் 400 ரூபாய்க்கு வந்தால் சந்தேகப்படுங்கள். நீளம், அகலம், பக்க எண்ணிக்கை பொருந்துகிறதா பாருங்கள், கள்ளப் பிரதிகள் பெரும்பாலும் சுருக்கி அச்சடித்தவை. பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேடினால் அதே புத்தகம் வர வேண்டும். கடைசியாக, திருப்பி அனுப்பும் வசதி எத்தனை நாள் என்று பார்த்து, பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள். பில்லையும் எறிய வேண்டாம்.

வெளிநாட்டுத் தளத்தில் விலை மலிவாகத் தெரியும். தபால் செலவையும் சுங்கத்தையும் சேர்த்துப் பாருங்கள், கனமான புத்தகத்துக்கு அது புத்தக விலையையே தொட்டுவிடும்.

மின்னூல் வாங்குவதாக இருந்தால், கிண்டில் போன்ற கருப்பு வெள்ளை மைத் திரைக் கருவிகளில் வண்ணப் புத்தகம் பயன்படாது, சிறிய போனில் எதுவும் பயன்படாது. ஐபேட் போன்ற பத்து அங்குலத் திரைக் கருவி இருந்தால் யோசிக்கலாம்.

காசில்லாமல் தொடங்க ஒழுங்கான வழிகளும் உண்டு. ஹரால்ட் ஸ்பீடின் 'த பிராக்டிஸ் அண்ட் சயன்ஸ் ஆஃப் டிராயிங்' காப்புரிமை முடிந்த நூல், புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற தளத்தில் இலவசம். நடை பழையது என்றாலும் கோடு, நிழல் பற்றி அவர் சொல்வது பழசாகவில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவில் கணக்கு தொடங்கினால் பல ஓவிய நூல்களை ஒரு மணி நேர இரவலாகப் புரட்டலாம். வாங்கலாமா என்று முடிவெடுக்க அது போதும்.

சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் எழும்பூர் கன்னிமாராவையும், மதுரைக்காரர்கள் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் மறக்க வேண்டாம். பெரிய ஓவிய நூல்கள் பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்து பார்க்கும் பிரிவில் இருக்கும். வீட்டுக்கு எடுத்துப் போகும் உறுப்பினர் அட்டைக்கு முகவரிச் சான்றும் வைப்புத்தொகையும் பொதுவாகக் கேட்பார்கள், ஆதார் நகலும் புகைப்படமும் எடுத்துப் போனால் இரண்டாம் முறை அலைய வேண்டியிருக்காது. பென்சிலும் தாளும் கொண்டு போகலாமா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வரும். அங்கே பொதுவாக 10 சதவீதம் தள்ளுபடி. விலையை விட, இறக்குமதி நூலைக் கையில் எடுத்துத் தாளைத் தடவிப் பார்க்க முடிவதுதான் அங்கே லாபம்.

4. பெட்டி போடப் பழகுங்கள்

பார்த்து வரைய வந்துவிட்டால் மட்டும் பார்க்காமல் வரைய வந்துவிடாது. அதற்கு முப்பரிமாணமும் பெர்ஸ்பெக்டிவும் (தூரம் போகப் போகப் பொருள்கள் சிறுத்துத் தெரிவதை வரையும் முறை) தேவை. எல்லோரும் தாண்டிக் குதிக்கும் கட்டம் இது. டிஜிட்டலில் போய் மாட்டிக்கொள்வதும் இதனால்தான்.

எர்னஸ்ட் நார்லிங்கின் 'பெர்ஸ்பெக்டிவ் மேட் ஈஸி' 1939இல் வந்த சின்னப் புத்தகம். டோவர் பதிப்பு 500 முதல் 900 ரூபாய். கண்மட்டக் கோடு எங்கே என்பதில் தொடங்கி ஒவ்வொரு படியாகப் போகும், ஆங்கிலமும் எளிது. ஒரு மாதத்தில் முடிக்கலாம்.

கூடவே டிராவாபாக்ஸ் என்ற இலவச இணையப் பாடத்தைச் செய்யுங்கள். பேனாவால் மட்டுமே வரையச் சொல்வார்கள், அழிக்க வழியில்லை. கோடு, நீள்வட்டம், பெட்டி என்று போகும். 250 பெட்டிச் சவால் என்று ஒன்று உண்டு: ஒவ்வொரு பெட்டியின் கோடுகளையும் நீட்டி, அவை தொலைவில் ஒன்று சேர்கின்றனவா என்று நீங்களே திருத்த வேண்டும். நாளுக்கு ஐந்து பெட்டி போதும். ஒரே மூச்சில் ஐம்பது போடுபவர்கள் பெரும்பாலும் அந்த வாரத்தோடு நின்றுவிடுவார்கள். வரையும் நேரத்தில் பாதியைப் பயிற்சிக்கு இல்லாமல் உங்களுக்குப் பிடித்ததை வரையச் செலவிட வேண்டும் என்று அவர்களே விதி வைத்திருக்கிறார்கள். அதைத் தள்ளுபடி செய்யாதீர்கள்.

ஸ்காட் ராபர்ட்சனும் தாமஸ் பெர்ட்லிங்கும் எழுதிய 'ஹவ் டு டிரா' (2013) எல்லாப் பட்டியலிலும் இருக்கும். தலைப்பைப் பார்த்துத் தொடக்க நூல் என்று நினைத்துவிடாதீர்கள். கார், விமானம் என்று வடிவமைப்பவர்களுக்கான கடினமான நூல் அது. இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஆள் உருவம்: லூமிஸ், பிறகு ஹாம்ப்டன்

ஆண்ட்ரூ லூமிஸ் பெயரில் பல நூல்கள் உண்டு. தொடங்குபவருக்கு 'ஃபன் வித் எ பென்சில்' (1939). பந்து ஒன்றை வரைந்து, அதன் மேல் கோடு போட்டு, முகமாக மாற்றுவதில் தொடங்கும். தலை நன்றாக வர வேண்டுமென்றால் 'டிராயிங் த ஹெட் அண்ட் ஹேண்ட்ஸ்' (1956), முழு உருவத்துக்கு 'ஃபிகர் டிராயிங் ஃபார் ஆல் இட்ஸ் வொர்த்' (1943). டைட்டன் பதிப்புகள் ஒவ்வொன்றும் 1,500 முதல் 2,500 ரூபாய் வரை போகும், ஆகவே மூன்றையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம்.

லூமிஸிடம் ஒரு எச்சரிக்கை. அவர் தரும் இலட்சிய ஆண் உருவம் எட்டுத் தலை உயரம். நிஜ மனிதர்கள் ஏழு, ஏழரைத் தலைக்குள்தான் நிற்பார்கள். அவர் வரைந்தவர்கள் அந்தக் காலத்து அமெரிக்க விளம்பரத்து ஆட்கள். அதே மூக்கு, அதே தாடை என்று பழகிவிட்டால் உங்கள் சித்தப்பாவை வரைந்தாலும் ஹாலிவுட் நடிகர்தான் வருவார். பந்து முறையை அவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள். முகங்களுக்குக் கல்யாண ஆல்பம் இருக்கிறது.

அதற்குப் பிறகு மைக்கேல் ஹாம்ப்டனின் 'ஃபிகர் டிராயிங்: டிசைன் அண்ட் இன்வென்ஷன்' (2009). உடலை எளிய வடிவங்களாகப் பிரித்து, தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் விதத்தில் இதை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கருத்து.

பிரிட்ஜ்மேனின் உடற்கூறு நூல்கள் மலிவாகக் கிடைப்பதால் பலர் அவற்றை முதலில் வாங்குகிறார்கள். ஏற்கெனவே உருவம் வரையத் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கோடுகள் பேசும். கைமன் நிக்கோலைடிஸின் 'த நேச்சுரல் வே டு டிரா' (1941) அருமையான நூல், ஆனால் 25 பகுதி, பகுதிக்கு 15 மணி நேரம் என்று மொத்தம் 375 மணி நேரம் கேட்கும். எதிரே நிற்க மாடலும் வேண்டும். மாடலுக்குப் பதில் லைன் ஆஃப் ஆக்‌ஷன் போன்ற தளங்களில் படங்கள் 30 விநாடிக்கு ஒன்றாக மாறுவது போல வைத்துப் பழகலாம். பேருந்து நிலையமும் இதற்கு நல்ல இடம்.

பேனா கோட்டில் ஆர்வம் உள்ளவர்கள் இந்தக் கட்டத்தில் நம் பத்திரிகை ஓவியர்களைப் பிரதி எடுக்கத் தொடங்கலாம். கோயில் சிற்பங்களைச் சில்பி வரைந்தவை 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற பெயரில் நூலாக வந்திருக்கின்றன. ஒரு தூணை மட்டும் எடுத்து, நிழலை எத்தனை வகைக் கோட்டால் காட்டியிருக்கிறார் என்று எண்ணிப் பார்த்து வரையுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கோபுலுவிடம் எதிர்ப்பாடம் கிடைக்கும்: எத்தனை கோட்டை விட்டுவிட்டும் ஆள் நிற்கிறார் பாருங்கள். பழகப் பிரதி எடுப்பதில் தவறில்லை. வெளியே காட்டும்போது யாருடைய படத்தைப் பார்த்து வரைந்தது என்று எழுதிவிடுங்கள்.

6. ஒளிக்கும் நிறத்துக்கும் ஒரே புத்தகம்

ஜேம்ஸ் கர்னியின் 'கலர் அண்ட் லைட்' (2010). விலை 1,200 முதல் 1,800 ரூபாய். அவர் எண்ணெய் வண்ணக்காரர். டிஜிட்டல் பற்றிய புத்தகம் இல்லை. ஆனால் டிஜிட்டல் ஓவியர்கள் மேசையில் நான் அதிகம் பார்த்த புத்தகம் இதுதான். மேகமூட்ட வெளிச்சம், எதிரொளி, காதின் ஓரம் வெயிலில் ஏன் சிவக்கிறது என்பது வரை இரண்டு பக்கத்துக்கு ஒரு விஷயமாக வைத்திருக்கிறார். வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. நிறத்துக்குப் போகும் முன் கருப்பு வெள்ளையில் ஒரு மாதம்: ஒரு முட்டை, ஒரு எவர்சில்வர் டம்ளர், பக்கவாட்டில் ஒரு விளக்கு.

7. இப்போது டேப்லெட்

ஆறு ஏழு மாதம் ஆகியிருக்கும். திரை இல்லாத சின்ன டேப்லெட் போதும். வாக்காம் (Wacom), ஹ்யூயான், எக்ஸ்பி பென் ஆகிய நிறுவனங்களின் தொடக்க நிலைக் கருவிகள் 3,000 முதல் 6,000 ரூபாய்க்குள் கிடைக்கும். திரை உள்ளவை அதைப் போலப் பல மடங்கு. ஐபேட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஆப்பிள் பென்சிலும் புரோகிரியேட் என்ற வரையும் செயலியும் வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. ஓவியத்துக்காக மட்டும் ஐபேட் வாங்குவதென்றால் ஒரு வருடம் பொறுங்கள்.

பொருத்தும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை. பழைய டேப்லெட்டின் டிரைவர் (கருவியைக் கணினியோடு இயங்க வைக்கும் மென்பொருள்) கணினியில் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். இரண்டு டிரைவர்கள் சேர்ந்தால் பேனா அழுத்தம் வேலை செய்யாமல் போகலாம். டேப்லெட்டின் நீள அகல விகிதம் மானிட்டரோடு பொருந்தவில்லை என்றால் நீங்கள் வட்டம் போட்டால் முட்டை வரும், டிரைவர் அமைப்பில் விகிதத்தைப் பூட்டிவிடுங்கள். விண்டோஸில் கோடு தாமதமாக வந்தாலோ, பேனாவைச் சுற்றி வளையம் தோன்றினாலோ, டிரைவரிலும் மென்பொருளிலும் விண்டோஸ் இங்க் (விண்டோஸின் பேனா வசதி) அமைப்பை மாற்றிப் பாருங்கள். வேண்டிய டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். பேனா முனை தேயும். பெட்டியில் கூடுதல் முனைகள் இருக்கின்றனவா என்று அன்றைக்கே பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் கோடும் வட்டமும் மட்டும். தாளில் நன்றாக வந்த கை இங்கே சறுக்கும், அது சரியாகிவிடும்.

8. மென்பொருளுக்குப் புத்தகம் வாங்க வேண்டாம்

மென்பொருள் நூல்கள் சீக்கிரம் பழையதாகிவிடும். மெனு இடம் மாறும், பொத்தான் பெயர் மாறும், 2,000 ரூபாய் புத்தகம் அலமாரிக்குப் போகும். 3டிடோட்டல் பதிப்பகத்தின் டிஜிட்டல் ஓவியத் தொடக்க நூல்கள் அழகானவை, ஆனால் அவற்றில் உள்ள படங்கள் ஏற்கெனவே வரையத் தெரிந்தவர்களின் படங்கள். நூலகத்தில் கிடைத்தால் பாருங்கள்.

கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் கையேடும் இணையத்தில் இலவசம். கூடவே கன்ட்ரோல் பெயின்ட் என்ற தளத்தில் உள்ள இலவச வீடியோக்களை வரிசையாகப் பாருங்கள். ஃபோட்டோஷாப்பை வைத்துச் சொல்வார்கள், கிரிட்டாவிலும் பொருந்தும்.

கிரிட்டாவில் தூரிகைகள் குவிந்து கிடக்கும். பேசிக் என்று தொடங்குபவற்றில் இரண்டை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டுங்கள். தூரிகைத் தொகுப்பு விற்பவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். எம் விசையை அழுத்தினால் படம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பும். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே போயிருப்பது அப்போதுதான் தெரியும். அச்சுக்குப் போக வேண்டிய ஏ4 படம் என்றால் 300 டிபிஐயில் 2480க்கு 3508 பிக்சல் வைத்துத் தொடங்குங்கள். சின்னதாக வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் மங்கும். நான்கு ஜிபி ரேம் கணினியில் அந்த அளவில் லேயர்களை (ஒன்றன் மேல் ஒன்றாக வரையும் தளங்களை) அடுக்காதீர்கள், அடிக்கடி சேமியுங்கள்.

9. கதை சொல்ல விரும்புபவர்களுக்கு

காமிக்ஸ் என்றால் ஸ்காட் மெக்கிளவுடின் 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' (1993). காமிக்ஸ் வடிவத்திலேயே காமிக்ஸை விளக்கும், படிக்கவும் சுகம். எழுதி வரையத் தொடங்கும்போது அவருடைய 'மேக்கிங் காமிக்ஸ்' (2006). காட்சிக் கோணத்துக்கும் ஒளி நிழல் அடுக்குக்கும் மார்கோஸ் மத்தேயு மெஸ்த்ரேயின் 'ஃபிரேம்டு இங்க்' (2010). அசைவூட்டல் பக்கம் போகிறவர்களுக்கு ரிச்சர்ட் வில்லியம்ஸின் 'த அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்' (2001). கனமான நூல், விலையும் அதிகம், ஐந்தாம் கட்டத்தை முடிக்காமல் தொட வேண்டாம்.

வாங்கும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் எட்வர்ட்ஸும் தாளும், சுமார் 2,000. மூன்றாம் மாதம் நார்லிங், 900க்குள். நான்காம் மாதம் லூமிஸில் ஒன்று, சுமார் 2,000 ரூபாய். ஆறாம் மாதம் கர்னி, 1,500. டேப்லெட் 4,000. முதல் வருடம் முழுதுக்கும் 10,000 ரூபாயைச் சுற்றி நிற்கும். நூலகமும் பழைய புத்தகக் கடையும் கைகொடுத்தால் அதில் மூவாயிரம் வரை குறையும். ஹாம்ப்டன் அடுத்த வருடத்துக்கு.